குன்னூரில் எரிந்த ஹெலிகாப்டரின் கருப்புப் பெட்டி எப்படித் தப்பியது?

2021 டிசம்பர் 8-ல் குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த மி-17 தீயில் கருகியும், பெட்டி மறுநாளே கிடைத்தது எப்படி என்பதுதான் கேள்வி.

பெயர்தான் கருப்பு, நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. மரமும் புதரும் மண்டிய சரிவில் கண்ணில் பட வேண்டுமே. காக்க வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் நினைவகச் சிப்புகளை மட்டும். அவற்றைச் சுற்றி வெப்பத்தடுப்புப் பொருள், அதற்கு மேல் டைட்டானியம் அல்லது எஃகு உறை. பயணிகள் விமானப் பெட்டிகளை 3,400 ஜி (புவியீர்ப்பைப் போல 3,400 மடங்கு) அதிர்ச்சியிலும், 1,100 டிகிரி செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரமும், தனியாக 260 டிகிரியில் 10 மணி நேரமும் சோதிப்பார்கள். இந்தக் கடைசிச் சோதனை மிக அவசியம்: கனலும் இடிபாட்டுக்குள் புதைந்தால் சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்.

உயரம், வேகம், எஞ்சின் நிலை 25 மணி நேரம் பதியும். விமானி அறைப் பேச்சு பல பெட்டிகளில் 2 மணி நேரம்தான். பிறகு பழையதன் மேல் புதியது பதியும். சிறு விபத்துக்குப் பின் பெட்டிக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்க மறந்தால் தேவையான பேச்சே அழிந்துவிடும்.

தண்ணீரில் விழுந்தால் 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் கருவி உண்டு. மலையில் அது உதவாது. ஆட்கள்தான் தேட வேண்டும்.

தரவையும் குரலையும் நொடிக்கு நொடி பொருத்தினால் காரணம் துலங்கும். குன்னூர் விசாரணையும் இரண்டையும் ஆராய்ந்தது: எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைய, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை என்று 2022 ஜனவரியில் விமானப்படை அறிவித்தது.