கென்யா கேட்காத ஊசியை இந்தியா கேட்பது ஏன்?

கேள்வி: என் மகன் வேலை விஷயமாக மூன்று வாரம் நைரோபி போகிறான். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார் அவன் நண்பர். டிக்கெட் போட்டவரோ, ‘கென்யாவில் கேட்க மாட்டார்கள்’ என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டுமே சரி. இந்தியாவில் இந்த நோய் இல்லை. அதனால் இங்கிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா சான்றிதழ் கேட்பதில்லை. சிக்கல் திரும்பும்போதுதான். நம் அரசின் பட்டியலில் கென்யா நோயுள்ள நாடு. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். துபாயில் விமானம் மாறி வந்தாலும் இதே கதிதான்.

ஏன் இந்தக் கெடுபிடி? நோயுள்ள கொசு கடித்த 3 முதல் 6 நாளில் காய்ச்சல் தெரியும். கப்பலில் வந்த காலத்தில் நோயாளி நடுக்கடலிலேயே படுத்துவிடுவார். இன்றைக்கோ மறுநாளே தெம்பாக வீடு வந்து சேர்ந்து, பிறகுதான் படுப்பார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே இதையும் பரப்பும். அதற்கா இங்கே பஞ்சம்! 2016-இல் அங்கோலாவிலிருந்து சீனா திரும்பியவர்களில் 11 பேருக்கு இந்த நோய் இருந்தது. அங்கோலாவுக்குள் நுழையவே சான்றிதழ் வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது; அது மட்டும் போதவில்லை.

அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் நிலையத்திலும், சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகங்களிலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் முன்பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட்டோடு போகச் சொல்லுங்கள். அட்டையில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, முத்திரை எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்க்க வேண்டும்.

0.5 மி.லி., ஒரே ஊசி. போட்ட 10 நாள் கழித்துச் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுக்க. (பத்தாண்டுக் கெடு 2016 ஜூலையோடு போயிற்று.) மூன்று வாரம் தங்குவதால் கிளம்பும் முந்தின நாள் போட்டாலும் திரும்பும்போது காகிதம் செல்லும். ஆனால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகவும் அதே 10 நாள் வேண்டுமே! இப்போதே போடுவதுதான் புத்திசாலித்தனம். இது உயிருள்ள வைரஸால் ஆன ஊசி. முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையோ இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

கேள்வி: இந்த ஊசி மலேரியாவையும் தடுக்குமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தடுக்காது. மலேரியாவுக்கு மாத்திரை தனி. போகும் ஊரைப் பொறுத்து மருத்துவர் எழுதித் தருவார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.