ஆடிக்கூழில் பூனைக்குப் பங்கு உண்டா?

கேள்வி: அக்கா, எங்கள் பூனை ராணிக்கு நாலு வயசு, எடையும் நாலு கிலோ. நாங்கள் எதைச் சாப்பிட்டாலும் அதற்கும் ஒரு வாய் கொடுத்துவிடுவார் என் மாமியார். தர்பூசணி, மாம்பழம் எல்லாம் ஆயிற்று. இனி ஆடி வருகிறது, கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுப்பார். ‘வாயில்லா ஜீவன் பார்க்கப் பார்க்கத் தின்றால் நமக்குத்தான் வயிறு வலிக்கும்’ என்கிறார். எதைக் கொடுக்கலாம், எதை மறைக்கலாம்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாமியாரோடு சண்டை வேண்டாம். பழ விஷயத்தில் அவர் செய்வதில் பெரிய தப்பில்லை. தர்பூசணியில் விதையை எடுத்துவிட்டு, சுண்டுவிரல் நக அளவில் இரண்டு துண்டு கொடுக்கலாம். எங்கள் வீட்டு சங்கரா அதைக் கடிக்காது, நக்கி நக்கிச் சாற்றை மட்டும் இழுக்கும். (மீன் பெயரைத்தான் வைத்தேன். சாமி பெயர் என்று கோயில் பூசாரி சந்தோஷப்பட்டார், நான் திருத்தவில்லை.) பூனை தண்ணீர் குடிக்கச் சோம்பல்படும் ஜாதி. வெயில் காலத்தில் அந்த ஈரம்கூட ஆதாயம்தான். மாம்பழத்தில் சதை மட்டும், தோலும் கொட்டையும் குப்பைக்கு.

ஆனால் இனிப்புக்கு ஆசைப்பட்டு வருகிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதற்கான மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005-ல் கண்டறிந்தார்கள். பங்கனபள்ளியா ருமானியா என்று ராணி பார்க்கப்போவதில்லை. வாசனையும், நீட்டுகிற மாமியார் கையும்தான் அதை இழுக்கின்றன. நாலு கிலோ பூனைக்கு நாள் முழுவதற்கும் 200 கலோரி சொச்சம் போதும். இந்த ‘ஒரு வாய்’ எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

ஆடிக்கு வருவோம். கேழ்வரகுக் கூழை ஒரு விரல் நக்கினால் ஒன்றும் ஆகாது. அதில் நறுக்கிப் போடுகிறோமே சின்ன வெங்காயம், அதுதான் ஆபத்து. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். ராணிக்குக் கணக்குப் போட்டால் 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் அதே கதிதான். வேகவைத்தாலும் வதக்கினாலும் விஷம் போகாது. பூண்டு இன்னும் மோசம், அதனால் நோன்புக் கஞ்சியும் வேண்டாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சங்கராவுக்கு முன் வஞ்சிரம் என்று ஒரு பூனை இருந்தது. குழம்பு மீனைக் குழாயடியில் கழுவி அதற்குப் போடுவேன், காரம் போனால் போதும் என்ற எண்ணத்தில். மீனுக்குள் குழம்பு ஊறியிருக்குமே என்று தோன்றவில்லை. ஓர் ஆடியில் சொந்தக்காரர்கள் வந்து தங்கியதில் நாலைந்து நாள் தொடர்ந்து மீன் குழம்பு. பிறகு ஒரு காலையில் வஞ்சிரம் மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. சிறுநீர் கட்டன் டீ நிறம். ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘பூனைப் பங்கு’ என்று ஒன்று உண்டு. மீனுக்கு உப்பு, மிளகாய்த்தூள் தடவுவதற்கு முன்பே ஒரு துண்டை எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து வைத்துவிடுவேன். உங்கள் மாமியாரிடம் இந்த வேலையை ஒப்படைத்துப் பாருங்கள். கருவாடு அத்தனையும் உப்பு, கண்ணிலேயே காட்டாதீர்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொங்கலுக்கு வாங்கும் பரங்கிக்காயை வெறுமனே வேகவைத்து மசித்து ஒரு டீஸ்பூன் சோற்றோடு கலந்து தரலாம், மலச்சிக்கலுக்கு நல்லது. சர்க்கரைப் பொங்கல் கூடாது. அதில் போடும் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும், பூனையிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம். கிறிஸ்துமஸ் கேக், சாக்லேட் இரண்டும் அறவே வேண்டாம். பால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கில் முடியும்.

கேள்வி: அக்கா, மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை எட்டாததால் ஃபைபர் படகில் வரும் நெத்திலியைப் பச்சையாகவே பூனைக்குப் போட்டுப் பழக்கிவிட்டேன். அது கிடைக்காத நாளில் தயிர் சாதம். இப்போதும் அப்படியேதான் போகிறது. சரிதானா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள்தான் நானும். நெத்திலி நல்ல மீன், ஆனால் பச்சையாக வேண்டாம். நெத்திலி, மத்தி வகை மீன்கள் பலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்துப் பூனை தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

தயிர் சாதம் வயிற்றை ரொப்பும், அவ்வளவுதான். பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சோற்றில் அது கிடையாது, மீனிலும் கறியிலும்தான் உண்டு. தினசரி உணவாகப் பூனைக்கென்றே விற்கும் முழுச்சத்துத் தீனியை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மீன் கிடைக்காத நாளில் கோழிக்கடையில் இதயத்தைத் தனியாகக் கேட்டு வாங்கி உப்பில்லாமல் வேகவையுங்கள். வெந்த எலும்பை மட்டும் போடாதீர்கள், ஊசி மாதிரி உடையும். வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடாமல் ஆறவைத்து ஊற்றுங்கள், டாரின் நிறைய அதில் இறங்கியிருக்கும்.