மூக்கு நுனிக் கோபத்தோடு வரும் மாப்பிள்ளை

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். மூன்று அறை, ஒரே குளியலறை. தங்கை குடும்பம் ஜொகூர் பாருவில். அவள் கணவர் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். உழைப்பாளி, பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் வைக்கமாட்டார். ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. போன தீபாவளிக்கு முதல் நாள், சாப்பாடு தாமதம் என்று எல்லார் முன்னாலும் தங்கையைக் கத்தினார். மறுநாள் குளிக்கக் காத்திருந்ததற்கு இன்னொரு கத்தல். "இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசட்டும், நானும் பேசுவேன்" என்கிறார் என் கணவர். "வீட்டு மாப்பிள்ளை, நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்கிறார் அம்மா. நான்கு நாள் தங்க வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
- ஓர் அக்கா, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் கணவர் சொல்வதும் அம்மா சொல்வதும் எதிரெதிர் வழிபோலத் தெரியும். இரண்டிலும் கஷ்டப்படுவது தங்கைதான். உங்கள் கணவர் எதிர்த்துப் பேசிவிட்டால் மாப்பிள்ளையின் ஆத்திரம் உங்கள் வீட்டோடு தீராது. திரும்பும்போது 500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே காரில் உட்கார்ந்து போகப்போகிறவள் அவள். "உன் அக்கா வீட்டுக்காரர் என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு" என்று நெடுஞ்சாலையில் தாப்பாவில் ஆரம்பித்தால் ஜொகூரில் உள்ள மாச்சாப் ஓய்விடம் வரைக்கும் ஓடும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டாலோ, பிறந்த வீட்டிலேயே இவளுக்குக் கேட்க ஆள் இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோகும். ஆகவே எதைச் செய்வதற்கு முன்னும் ஒன்றை யோசியுங்கள்: இதற்கான விலையைக் காரில் தங்கை கொடுக்க வேண்டியிருக்குமா?

நான்கு நாளில் யாருடைய குணத்தையும் மாற்ற முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு சம்பவத்தையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஒன்று பசி, இன்னொன்று குளியலறை வரிசை. இவர் கோபப்படும் நேரத்தைக் கடிகாரம் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த நேரங்களை நீங்கள் மாற்றி அமைக்க முடியும்.

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல். ஆட்டிறைச்சி, கோழி, கறி வகைகள் எல்லாம் அடுப்பில் மணக்கும், ஆனால் படைத்து முடிக்கும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. இரவு எட்டு மணிகூட ஆகிவிடும். விடியுமுன் கிளம்பி, நெரிசலில் நின்று நின்று மாலை நான்கு மணிக்கு வந்து இறங்குகிற மனிதர் இந்த மணத்தில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எல்லைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூக்கம் எப்போதும் பற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருக்கும் எரிச்சல் வரும். (அதற்காகப் பெண்டாட்டியைக் கத்தலாம் என்று அர்த்தம் இல்லை. பசித்த எல்லாரும் கத்துவதில்லை.)

படையலில் சேராத சாப்பாடு ஒன்று தனியாகத் தயாராக இருக்கட்டும். கடையில் பிரட்டிய மீகூன் நான்கு பொட்டலம் போதும்; வீட்டில் இட்லி அவித்தாலும் சரி. "எங்க வந்துட்டீங்க?" என்று மணிக்கொரு தடவை அழைக்காதீர்கள், ஓட்டுகிறவருக்கு அது எரிச்சல். தாப்பா ஓய்விடம் வந்ததும் தங்கை ஒரு தடவை அழைக்கட்டும். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சாப்பாட்டைச் சூடு பண்ணி, அறையைத் தயார் செய்துவிடலாம். வந்ததும் குளியல், சாப்பாடு, இரண்டு மணி நேரம் படுக்கை. அந்த நேரத்தில் கூடத்தில் தொலைக்காட்சி வேண்டாம், பிள்ளைகள் திடலுக்குப் போகட்டும். பேச்சுவார்த்தை, குசலம், கார் விலை விசாரணை எல்லாம் படையலுக்குப் பிறகு. அவர்களால் ஒரு நாள் முன்னதாகவே வர முடிந்தால் இந்தப் பாடு பாதி இல்லை.

படுக்க அவர்களுக்குக் கதவு உள்ள அறையைக் கொடுங்கள். கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் கோபம் வந்தவருக்குப் போய் ஒதுங்க இடம் இருக்காது. இடம் இல்லாத கோபம் ஆள்மேல்தான் பாயும். தகரக் கூரை வீடென்றால் பிற்பகலில் அறை வெந்துபோகும். நிற்கும் காற்றாடி ஒன்றை அந்த அறைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெய்க் குளியல் இன்னொரு பொறி. பெரியவர்களும் பிள்ளைகளுமாய் ஒன்பது பேர், ஆளுக்கு 15 நிமிடம் என்றாலே இரண்டேகால் மணி நேரம். நாலரைக்கு முதல் ஆள் இறங்கினால்தான் ஏழு மணிக்குள் எல்லாரும் புதுத்துணி போட முடியும். வரிசையை முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். அவரை முதலிலோ கடைசியிலோ போடுங்கள். நடுவில் போட்டால் முன்னால் ஒருவர் தாமதித்தாலும் அவர் தலையில் எண்ணெயோடு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இவ்வளவு செய்தும் கத்தினால்? ஒரே ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உங்கள் கணவர் வேண்டாம், அவர் ஏற்கெனவே சண்டைக்கு நாள் குறித்துவிட்டார். நீங்களே சரி. குரலைத் தாழ்த்தி, "சரி தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். "அமைதியா இருங்க", "எதுக்கு இப்படிக் கத்துறீங்க", "பக்கத்து வீட்டுல கேக்கும்" மூன்றும் நியாயமான பேச்சுதான், மூன்றும் தீயில் ஊற்றும் எண்ணெய்தான். சிரிப்பது அதைவிட மோசம். மாமன் மச்சான் கிண்டல் நம் வீடுகளில் சகஜம். சூடு ஏறிய நேரத்தில் அது அவமானமாக விழும்.

கத்தியவருக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். அதற்குள் நியாயம் பேசினால் காதில் ஏறாது, சமாதானம்கூடச் சண்டையாகத்தான் கேட்கும். இடையில் யாராவது கிளறினால் அந்த 20 நிமிடம் மறுபடி முதலிலிருந்து. அறைக் கதவைத் தட்டாதீர்கள், தங்கையையும் பின்னால் அனுப்பாதீர்கள். அம்மாக்கள் வழக்கமாகச் செய்யும் தவறு அதுதான்: "போய் சமாதானப்படுத்தும்மா." அரை மணி கழித்து ஒரு கோப்பை தேநீர், வேறு பேச்சு. நடந்ததைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

வரம்பைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வருவதற்கு முன்பே, தங்கையிடம் கேட்டுவிட்டு. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், விளைவு அவளுக்குத்தான் தெரியும். சரி என்றால் மாப்பிள்ளைக்கு விடுப்பு நாளாகப் பார்த்து உங்கள் கணவரே அழைக்கட்டும். அவருடைய வீறாப்புக்கும் இது நல்ல வடிகால். "தம்பி, வாங்க, நாலு நாள் சந்தோஷமா இருப்போம். ஒண்ணே ஒண்ணு. போன தடவை சத்தத்துல பிள்ளைங்க பயந்துடுச்சுங்க. இந்தத் தடவை குரல் ஏறினா நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிடுவேன், தப்பா நெனைக்காதீங்க." அவர் என்ன செய்யக்கூடாது என்று இதில் ஒரு வார்த்தை இல்லை, உங்கள் கணவர் என்ன செய்வார் என்பது மட்டும் இருக்கிறது. சொன்னபடி செய்யவும் வேண்டும்: கத்தல் ஆரம்பித்ததும் எழுந்து, பிள்ளைகளோடு கடைக்குப் போய், அரை மணியில் திரும்பி, முகத்தில் கோபம் காட்டாமல் இருப்பது. சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் அடுத்த தடவை சத்தம் கூடும்.

தீபாவளியன்று மதியம் மச்சான்மார் பீர் கொண்டு வருவார்கள். குடியும் முன்கோபமும் சேர்ந்தால் மேலே எழுதிய எதுவும் வேலை செய்யாது. சாப்பிட்ட பிறகே போத்தல் திறக்கட்டும், இருட்டும் முன் முடியட்டும். கோபத்தில் "கிளம்புடி" என்று சாவியைத் தேடுகிறவர் அதிகம். சாவி அம்மாவின் சாமி மேடைப் பக்கம் போகட்டும். 2020 அக்டோபர் முதல் மலேசியாவில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுவின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது. ஆகவே அது வெறும் குடும்பப் பிரச்சினை இல்லை.

தங்கையோடு ஒரு மணி நேரமாவது தனியாக இருங்கள். காலையில் சந்தைக்குக் கூட்டிப்போவது எளிது. "எப்படித்தான் பொறுத்துக்கிறியோ" என்று ஆரம்பிக்காதீர்கள், அவள் உடனே அவருக்கு வக்காலத்து வாங்குவாள். "வீட்டுலயும் இப்படித்தானா? நான் என்ன செய்யணும்னு நீ சொல்லு" போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம்.

கேள்வி: அக்கா கணவர் வீட்டுக்கு வந்தபோது தட்டை வீசி உடைத்தார். அக்காவின் கைத்தொலைபேசியை இரண்டு நாள் பிடுங்கி வைத்திருந்தார். "அடிக்கலையே, கோபக்காரர்தான்" என்கிறாள் அக்கா. நாங்கள் தலையிடலாமா?
- தங்கை, பாகான் செராய்

பதில்: இவர் மேலாளரிடமும் தட்டு வீசுகிறாரா? இல்லையென்றால் கோபத்தை அடக்கத் தெரிந்தவர்தான், வீட்டில் அடக்கவில்லை. தொலைபேசியைப் பறிப்பது, காசை எண்ணிக் கொடுப்பது, பிறந்த வீட்டுக்கு அனுப்ப மறுப்பது எல்லாம் முன்கோபத்தில் சேராது. மேலே சுங்கை சிப்புட் அக்காவுக்குச் சொன்னதை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

அடித்தால்தான் குற்றம் என்பது தவறு. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மிரட்டுவதும், மனத்தை நோகடிக்கப் பொருளை உடைப்பதும், மனரீதியான துன்புறுத்தலும் அடக்கம். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அக்காவால் பேச முடியாவிட்டால் நீங்களே அழைத்து ஆலோசனை கேட்கலாம். உடனடி ஆபத்தென்றால் 999. போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். உடலுக்குத் தீங்கு நேரும் என்ற பயம் இருந்தால் சமூக நல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை தருவார். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை, ஆணை ஏழு நாள் செல்லும். காயம் பட்டால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நடந்ததை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அங்கேயே ஒரே இடத்தில் உதவி கிடைக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு பை தயாராகட்டும்: அடையாள அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கி அட்டை, மருந்து, 100 ரிங்கிட், தாளில் எழுதிய தொலைபேசி எண்கள். உடைந்த பொருளைப் படம் எடுத்தால் உங்கள் தொலைபேசியில் வையுங்கள், அவளுடையதில் வேண்டாம். அவரிடம் நேரில் போய் நியாயம் கேட்காதீர்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்தும் வைக்காதீர்கள். பெண் விலகப்போகிறாள் என்று தெரியவரும் நேரம்தான் மிக ஆபத்தானது. எப்போது கிளம்புவது என்பதை அக்கா முடிவு செய்யட்டும்.

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி மூன்றாம் நாளே சிடுசிடுக்கிறார். நான் என்ன தப்பு செய்கிறேன்?
- லுனாஸ் வாசகி

பதில்: மூன்றாம் நாள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இரண்டு இரவோடு கிளம்புங்கள். நான்கு பேர் கூடினால் பாத்திரமும் துணியும் இரண்டு மடங்கு, அதைக் கழுவுகிறவர் அண்ணி. "ஏதாவது செய்யட்டுமா அண்ணி?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். இரவுப் பாத்திரம் முழுவதும் உங்கள் பொறுப்பு என்று முதல் நாளே சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சமையலில் மட்டும் கூப்பிடாமல் அடுப்படிக்குள் நுழையாதீர்கள்.

போகும்போது கேக் வாங்கிப்போவதைவிட 5 கிலோ அரிசியும் ஒரு கிலோ கோழியும் உபயோகம். 14 கிலோ சமையல் எரிவாயு உருளை 26 ரிங்கிட் 60 காசுதான். ஒன்றுக்கு நீங்கள் காசு கொடுத்துவிடுங்கள், அண்ணன் கையில் இல்லாமல் அண்ணி கையில். அண்ணி சிடுசிடுத்ததை அண்ணனிடம் சொல்லவே கூடாது. அன்றிரவு அறைக்குள் நடக்கும் சண்டைக்கு மறுநாள் காலை கோப்பியிலேயே பதில் தெரியும்.