சாவு வீட்டுப் பாட்டும் எங்கள் தெருச் சுவரும்

கேள்வி: எங்கள் தெருச் சுவர்களில் ஓவியம் வரைய ஒரு குழு வருகிறது. வெளியில் எங்கள் ஏரியாவுக்குக் கெட்ட பேர். கலையால் ஒரு ஏரியாவின் பேர் மாறுமா? வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்.

மாறும். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து இன்னும் அதே தெருவில் இருப்பவன், என் கண் முன்னாலேயே கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் அது சாவு வீட்டிலிருந்து தொடங்கியது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆயா 2009ல் இறந்துபோனார். அப்பாவைப் பெற்றவர், இந்தப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் போட்டுத் தலையில் சுமந்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் நாற்பது வருடம் விற்றவர். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். வாசலில் ஷாமியானா போட்டாச்சு, ஐஸ் பெட்டி வந்தாச்சு, உறவுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் கானா பாடுகிறவர் வந்தார். கூட ஒரு டோலக், சட்டி என்கிற சின்ன மேளம் ஒன்று, மைக் செட். வந்ததும் பாட ஆரம்பிக்கவில்லை. என் அத்தைகளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா பேர் என்ன, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க, எத்தனை பிள்ளைங்க, முன்னாடியே போன பிள்ளை உண்டா, என்ன சாப்பிடப் பிடிக்கும், யாரோடயாவது பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாங்களா.

விடிய நாலு மணி வரை பாடினார். அந்த மீன்கூடை பாட்டில் வந்தது. கடலுக்குப் படகு போகாத மழை நாட்களில் கருவாடு விற்றது வந்தது. எட்டு மாதக் குழந்தையாக இறந்துபோன என் பெரியப்பாவின் பேர் வந்தது, அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. பத்து வருடமாக ஆயாவோடு பேசாமல் இருந்த அவருடைய தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, தகவல் கேட்டு வந்தவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார், யார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. பாட்டில் அக்கா தம்பி என்று வந்து அவர் பேரும் வந்த உடனே, நேராக நடந்து வந்து பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழ ஆரம்பித்துவிட்டார்.

என்னோடு படித்த நாலு பேர் தென்சென்னையிலிருந்து துக்கம் கேட்க வந்திருந்தார்கள். மைக் சத்தத்தையும் பாட்டையும் கேட்டு அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஆயாவைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை, அவருக்கும் எழுதத் தெரியாது. அவருடைய வாழ்க்கைக் கதையை ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை சொன்னது அந்த ஒரு ராத்திரிதான், அதுவும் தெரு மொத்தமும் உட்கார்ந்து கேட்க.

கானா என்றால் சினிமாவில் வரும் குத்துப்பாட்டு என்று நினைக்கிறவர்கள் அதிகம். சாவு வீட்டில் பாடுகிறவர், பறை அடிக்கிறவர் என்றால் தள்ளி நிற்கிற சாதிப் புத்தியும் அதோடு சேர்ந்துகொண்டதால்தான் இந்தப் பாட்டு இத்தனை காலம் மட்டமாகப் பார்க்கப்பட்டது. ஆனால் இந்த மண்ணுக்கும் மரணத்தைப் பாடுவதற்கும் பழைய உறவு உண்டு. தண்டையார்பேட்டை என்கிற பேரே ஒரு பாட்டுக்காரரால் வந்தது என்று சொல்வார்கள். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் 1792ல் பிறந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு கடைசிக் காலத்தை இராயபுரத்தில் கழித்து, 1838ல் இங்கேயே அடங்கினார், அவருடைய தர்கா இன்றும் இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் தொண்டியார் என்று கூப்பிட, தொண்டியார்பேட்டை பேச்சு வழக்கில் தண்டையார்பேட்டை ஆனது என்பார்கள். கொஞ்சம் வடக்கே போனால் திருவொற்றியூர்க் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. தெற்கே ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வள்ளலார் வளர்ந்த வீடு, அவர் சின்ன வயதில் பாடிய கந்தகோட்டமும் பக்கத்திலேயே. இந்த உடம்பு நிலைக்காது என்று பாடியவர்களும், சாகாமல் இருக்க வழி உண்டு என்று பாடியவரும் பத்து கிலோமீட்டருக்குள் வாழ்ந்திருக்கிறார்கள். குணங்குடியார் பாட்டைக் கானாக்காரர்கள் பாடுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, வெளியில் இருக்கிற பேருக்கு வருகிறேன். படிப்பு முடிந்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எதிரில் இருந்தவர் என் விலாசத்தைப் படித்துவிட்டு, "அந்தப் பக்கம் அடிதடி அதிகம் இல்ல?" என்றார். வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அண்ணா நகரில் இருந்த சித்தப்பா வீட்டு விலாசத்தைத்தான் எல்லா விண்ணப்பத்திலும் எழுதினேன். இங்கே நிறையப் பேர் இதைச் செய்திருக்கிறார்கள்.

எனக்கு அது மாற ஆரம்பித்த இடம் 2018 ஜனவரி. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய குழு. எந்தச் சட்டியைக் கேட்டு நான் கூச்சப்பட்டேனோ அதே சட்டி அங்கே கிதாருக்குப் பக்கத்தில் இருந்தது, ஆயிரக்கணக்கான பேர் நின்று கேட்டார்கள், ஆயாவின் சாவுக்கு வந்த அந்த நண்பர்களில் ஒருவன் எனக்கு முன்னாலேயே போய் இடம் பிடித்து வைத்திருந்தான். அந்தக் குழுவில் பாடிய இசைவாணி இராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் மேடையேறிப் பாடினார், 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. என் அக்கா மகள் அப்போது எட்டாவது. "அவங்க எங்க ஏரியா அக்கா" என்று பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் அவள் வயதில் ஏரியா பேரை வெளியில் சொன்னதாக நினைவே இல்லை.

ஆனால் மேடையை மட்டும் பார்த்தால் விஷயம் புரியாது. இங்கே வீடு என்றால் பலருக்குப் பத்துக்குப் பத்து அறை. ஆறு பேர் அதற்குள் எப்படி இருப்பது? அதனால் தெருதான் எங்களுக்குக் கூடம், மன்றம்தான் திண்ணை. பின்னி மில் என்று நாங்கள் சொல்லும் பக்கிங்காம் கர்னாடிக் மில் ஓடிய காலத்திலிருந்து, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் பேப்பர் படிக்கவும் பேசவும் ஒரு படிப்பகம் வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. மில்லை 1996ல் மூடிவிட்டார்கள், கூடி உட்காருகிற பழக்கம் போகவில்லை. ஓலையோ தகரமோ போட்ட கூரை, நாலு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு, அதன் மேலே தாழத் தொங்கும் ஒரு பல்பு, போரிக் பவுடர் வாசனை. எங்கள் தெரு மன்றம் இவ்வளவுதான். தேர்தல் பேச்சும் அங்கேதான், கல்யாணப் பேச்சும் அங்கேதான், புதுசாகப் பாட வருகிற பையன் முதலில் கேரம் போர்டு விளிம்பில் தாளம் தட்டித்தான் பழகுவான். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டையில் ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடிக்குக் கால்பந்து, இராயபுரம் காசிமேட்டுக்குக் குத்துச்சண்டை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று இருக்கிறது. கேரமும் பந்தும் கலையா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடமிருந்துதான் எல்லாம் வந்தது.

சுவர் ஓவியத்துக்கு வருகிறேன். என் சித்தி குடும்பத்தைக் கரையோரத்திலிருந்து கண்ணகி நகருக்கு மாற்றினார்கள். அது நகரத்தின் அந்தக் கோடியில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். 2020ல் தெரு ஓவியங்கள் வரையும் ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளை அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஓவியங்கள் வரைந்தது. நான் போய்ப் பார்த்தேன், அழகாக இருந்தன, அங்கிருக்கும் பிள்ளைகளின் முகங்களே சுவரில் சிரித்தன. கேமரா எடுத்துக்கொண்டு நகரத்திலிருந்து ஆட்கள் வந்ததில் சித்திக்குச் சந்தோஷம். ஆனால் சித்தி இரண்டு விஷயம் சொன்னார். வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்புறம், பழைய தெருவில் யார் இறந்தாலும் பாட ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தது, இங்கே வந்த புதிதில் பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார் என்பதே தெரியாமல் இருந்தது. தெருவைப் பிரித்துப் பிரித்துக் குடியேற்றினால் ஒரு சாவு வீட்டுக்குப் பாடுகிறவருக்குச் சொல்லக்கூட ஆள் கிடைக்காது. அந்த ஊர்ப் பேரை இன்றைக்கு நாடே மரியாதையாகச் சொல்கிறது என்றால், கபடி ஆடிய பெண்கள் பெரிய காரணம். 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆட ஒரு களம், சொல்லித்தர ஒருவர்.

அதனால் ஓவியக் குழுவை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வரட்டும். வண்ணம் வந்தால் தெருவுக்குக் களை வரும், குப்பை கொட்டுகிற கை கொஞ்சம் தயங்கும். அவர்கள் எடுத்து வரும் டிசைனைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் தெருவில் சும்மா உட்காரச் சொல்லுங்கள். யார் முகத்தை வரைவது என்பதைத் தெரு முடிவு செய்யட்டும். தெருவிலேயே வரையத் தெரிந்தவர் இருந்தால் கூலி கொடுத்து அவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். செலவில் ஒரு பங்கை மன்றத்துக் கூரைக்கும் விளக்குக்கும் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். மழைக்கு இரண்டு வருடத்தில் சுவர் வெளுத்துவிடும், அப்போது திரும்பப் பூச உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மன்றத்தை ஒட்டிய சுவரில் நான் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து அம்பேத்கர் படம் இருக்கிறது. வரைந்தவரைப் பெயின்டர் மாமா என்போம், ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர், ஃபிளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய், வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14க்கு முன்னால் அந்த நீலக் கோட்-சூட்டைப் புதுசாகப் பூசுவார், பிள்ளைகள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சுவரில் மட்டும் யாரும் போஸ்டர் ஒட்டியதில்லை. ஆறேழு வருடத்துக்கு முன்னால் படத்துக்குக் கீழே மிச்சம் இருந்த இடத்தில் தெருவில் இறந்துபோனவர்களின் முகங்களைச் சின்னச் சின்னதாக வரைய ஆரம்பித்தார். ஆயாவை வரைய வந்தபோது எங்களிடம் இருந்த ஒரே போட்டோ ரேஷன் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கியது, முகம் கலங்கலாக இருந்தது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் அது உறுதியாகத் தெரியவில்லை, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சின்னத் தாத்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தன் மூக்கின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு பக்கமும் போட்டிருந்தா. எடது பக்கத்தத எனக்கு வலை வாங்கக் கழட்டிக் குடுத்துட்டா." பெயின்டர் மாமா வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்து, இடது பக்கம் தூர்ந்துபோன துளைக்கு ஒரு சின்னக் கருப்புப் புள்ளியும் வைத்தார்.