பனிக்காலத்தில் வெடிக்கும் சுருட்டு

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக டொரொன்டோவில் வாழ்கிறேன், வயது 68. வாரத்துக்கு ஒரு சுருட்டு பிடிப்பது வழக்கம். பனிக்காலம் வந்துவிட்டால், வாங்கி வைத்த சுருட்டுகளின் மேல் இலை வெடித்து, புகை காரமேறி, பாதியிலேயே எறிய வேண்டியதாகிறது. ஓய்வூதியத்தில் வாழும் நான் இன்னும் விலை கூடியதாக வாங்கினால் இந்தக் குறை தீருமா? வெளியே குளிரில் நின்று பிடிப்பதற்கு நல்ல வழி உண்டா?

பதில்: விலையைக் கூட்டினால் தீராது, ஐயா. பழுது சுருட்டில் அன்று, உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 2.4 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடேறும்போது 17 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுவதால், அதன் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சமையலாலும் குளியலாலும் அது சற்று ஏறினாலும், சுருட்டு கேட்கும் 65 முதல் 70 விழுக்காட்டை எட்டுவதில்லை. ஊரில் கொட்டிலில் சுற்றிய சுருட்டைக் கட்டாகக் கட்டி அப்படியே வைத்திருந்த பழக்கம் இங்கே உதவாது. அங்கே வேண்டிய ஈரத்தைக் கடற்காற்றே கொடுத்தது.

இதற்காக விலையுயர்ந்த மரப்பெட்டி வாங்க வேண்டியதில்லை. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்றும், சுருட்டுக் கடைகளில் கிடைக்கும் டப்பாவின் ஈரத்தை 65 அல்லது 69 விழுக்காட்டில் நிலைநிறுத்தும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்றும், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சிறு ஈரமானியும் போதும். ஈரமானியை அப்படியே நம்பிவிடாதீர்கள்: ஒரு புட்டி மூடியில் உப்பைச் சேறுபோல நனைத்து, அதனுடன் மானியையும் ஒரு பையில் இட்டு இறுக மூடி ஒரு நாள் வைத்தால், அது 75 காட்ட வேண்டும், எவ்வளவு விலகுகிறதோ அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே காய்ந்துபோனவற்றை நீர் தெளித்து மீட்க முயன்றால் இலை உப்பிப் பிளக்கும். அவற்றை டப்பாவுக்குள்ளேயே வைத்துச் சில வாரம் பொறுத்திருங்கள்.

இனித் தேர்வு. கனடாவில் 2019 நவம்பரில் ஒரே மங்கிய பழுப்பு நிறப் பொதி முறை நடைமுறைக்கு வந்தபின், பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. அது ஒரு விதத்தில் நன்மையே. நிக்கராகுவா, ஹொண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளிலிருந்து, பெட்டியில்லாமல் இருபது, இருபத்தைந்து என்று கட்டாக வரும் கைச்சுருட்டுகளைக் கேளுங்கள். மேல் இலையின் நிறம் ஒத்துவராததால் மட்டும் ஒதுக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. சுவையில் குறை தெரியாது. உள்ளே முழு இலையா, நறுக்கிய துண்டா என்று விசாரியுங்கள். துண்டு இலை விரைவாக எரிந்து சூடேறும். விரலால் மெல்ல அழுத்தும்போது கட்டியோ பள்ளமோ தட்டுப்படாதது நல்லது. கியூபாச் சுருட்டுக்கு இங்கே தடையில்லை, ஆனால் விலை உங்கள் ஓய்வூதியத்துக்கு ஒவ்வாது. நாட்டுக்கு வெளியே 48 மணி நேரமாவது தங்கித் திரும்புபவர் ஐம்பது சுருட்டுகளைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம்.

அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஐந்து அங்குலத் தடித்த சுருட்டு ஒரு மணி நேரம் வரை எரியும். பனியில் அவ்வளவு நேரம் நிற்பவர் அவசர அவசரமாக இழுப்பார், சுருட்டும் கசக்கும். நான்கு அங்குலத்துக்கு மேற்படாததை வாங்குங்கள்.

சுருட்டு உடம்பைச் சூடாக்கும் என்பது வெறும் நம்பிக்கை. நிக்கோட்டின் தோலடி இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் விரல்கள் விரைவில் மரத்துப்போகும். நீரிழிவோ இதய நோயோ இருந்தால் குளிரில் புகைப்பதை விட்டுவிடுங்கள். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். காற்றடிக்காத சுவரோரமாக, கையுறையுடன் நில்லுங்கள். குளிருக்குப் பயந்து மூடிய கராஜுக்குள் காரை ஓடவிட்டோ எரிவாயு அடுப்பை மூட்டியோ அமர்ந்துவிடாதீர்கள். அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, சுருட்டு மணத்துக்கு நடுவே அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.