கால் வீதம் குறைந்தால் கையில் எவ்வளவு?

திருகோணமலையில் வங்கி வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வட்டி பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி (உவர்மலை): ஐயா, 2025 மே மாதம் மத்திய வங்கி வட்டியை '25 அடிப்படைப் புள்ளி' குறைத்ததாமே? 25 வீதமா?

பதில்: இல்லைப் பிள்ளை. ஒரு வீதத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு புள்ளி. 25 புள்ளி என்றால் கால் வீதம். மத்திய வங்கியின் முக்கிய வட்டியான ஓரிரவு கொள்கை வீதம் 8.00இல் இருந்து 7.75 ஆனது, அவ்வளவுதான்.

கேள்வி (கிண்ணியா): அப்போ கால் வீதம் என்றே சொல்லலாமே?

பதில்: சொன்னால் வில்லங்கம் வரும். நான் கவுண்டரில் இருந்த காலத்தில் 'கடன் வட்டி 1 வீதத்தால் கூடும்' என்று ஒரு கடிதம் வந்தது. 12 வீதக் கடனை நான் 13 என்று பதிந்தேன். பக்கத்து மேசைக்காரர் 12இல் ஒரு வீதம் என்று கணக்குப் பார்த்து 12.12 போட்டார். இரண்டு பேர் கணக்கும் பிழையில்லை, கடிதம்தான் பிழை. '100 புள்ளி' என்று எழுதியிருந்தால் 13 தவிர வேறு விடை வராது. அன்று லெட்ஜர் திருத்தி முடிக்க இரவாகிவிட்டது.

கேள்வி (சாம்பல்தீவு): 10 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. எனக்கு எவ்வளவு குறையும்?

பதில்: உங்கள் வங்கியும் அதே 25 புள்ளி குறைத்தால் வருடத்துக்கு 2,500 ரூபா. வட்டியில் பிடிக்கும் 10 வீத வரி கழித்துப் பார்த்தால் 2,250. ஆனால் இப்போதுள்ள பற்றுச்சீட்டில் அச்சடித்த வட்டி முதிர்வு நாள் வரை மாறாது. புதுப்பிக்கும்போதுதான் இடிக்கும்.

கேள்வி (நிலாவெளி): வீட்டுக் கடன் 20 இலட்சம், 10 வருடம், 12 வீதம். என் தவணை குறையவே இல்லையே?

பதில்: 11.75 ஆனால் மாதத் தவணை சுமார் 28,694இல் இருந்து 28,406 ஆகும். 290 ரூபாகூட இல்லை. அதுவும் மாறும் வட்டியாக இருந்தால்தான். நிலையான வட்டி என்று கையெழுத்து வைத்திருந்தால் ஒரு சதமும் குறையாது. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள் அக்கா.

கேள்வி (மூதூர்): ஒரே நாளில் எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள்?

பதில்: 2022 ஏப்ரல் 8, 700 புள்ளி. வங்கிகளுக்கு மத்திய வங்கி கடன் கொடுக்கும் வீதம் 7.50இல் இருந்து 14.50 ஆனது.

கேள்வி (திருக்கடலூர்): படகு இயந்திரத்துக்கு வெளியில் நூற்றுக்கு 3 வட்டிக்கு எடுத்தேன் அண்ணன். அது எத்தனை புள்ளி?

பதில்: மாதம் 3 என்றால் வருடம் 36. 3,600 புள்ளி தம்பி. முதலில் அதைக் கட்டி முடியுங்கள்.