பழைய செக்ரோலும் புதிய கொன்டெய்னரும்: வாசகர் கேள்வி-பதில்

ஹட்டன்: எங்கள் செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு) புரோகிராம் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய மொழியில் எழுதியது. டொக்கர் கொன்டெய்னரில் (புரோகிராமைத் தேவையானவற்றோடு தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) போடலாமா?

முடியாது. திரையில் ஃபோர்ம் திறக்கும் புரோகிராம் விண்டோஸ் கொன்டெய்னரில் ஓடாது. அதை வெர்சுவல் மெஷினில் (கணனிக்குள் ஓடும் இன்னொரு கணனி) வைத்துக்கொண்டு, சம்பளக் கணக்கை மட்டும் தனியே பிரித்து எழுதத் தொடங்குங்கள். அதற்கு முன் பெக்கப்.

தலவாக்கலை: கொன்டெய்னருக்கு மாற்றிய நாளிலிருந்து பெக்டரி இரவு வேலைப் பதிவுகள் முந்தைய திகதியில் விழுகின்றன.

கொன்டெய்னர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். நள்ளிரவிலிருந்து விடிகாலை 5.30 வரை போடுவதெல்லாம் நேற்றைய கணக்கில் சேரும். நேரவலயத்தைச் சொல்லும் டீஸெட் (TZ) மாறிக்கு ஆசியா/கொழும்பு (Asia/Colombo) என்று கொடுங்கள். சின்ன இமேஜ்களில் (கொன்டெய்னரை உண்டாக்கும் அச்சு) நேரவலயக் கோப்புகள் இருக்காது, அதையும் போட வேண்டும். தப்பாக விழுந்ததைச் சம்பளத்துக்கு முன் திருத்துங்கள். ஒருவருக்கு அரைப்பேர் (அரை நாள் வேலை) என்று விழுந்தாலும் குறைவது அவர் கூலி.

பண்டாரவளை: இமேஜைப் புதுப்பித்தேன். மூன்று மாதக் கொழுந்து நிறையைக் காணவில்லை. மீட்கலாமா?

எந்த டேட்டாபேஸ், பழைய கொன்டெய்னரை நிறுத்தினீர்களா, அழித்தீர்களா, பெக்கப் உண்டா? ஒன்றையும் எழுதவில்லை. இப்படி எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

முதலில் எதையும் துப்புரவு செய்யாதீர்கள். பாவிக்காததை அழிக்கும் ப்ரூன் கட்டளை பக்கமே போக வேண்டாம். நின்றவற்றையும் காட்டும் டொக்கர் பிஎஸ் மைனஸ் ஏ (docker ps -a) போட்டுப் பாருங்கள். பழைய கொன்டெய்னர் நின்றபடி இருந்தால் டொக்கர் சிபி (docker cp) மூலம் கோப்புகளை வெளியே எடுக்கலாம். அழித்திருந்தால் வொல்யூம் (கொன்டெய்னருக்கு வெளியே தரவு இருக்கும் இடம்) பட்டியலைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இமேஜ்கள் பெயரில்லாத வொல்யூம் ஒன்றைத் தாமே உண்டாக்கும். நீளமான எண்ணெழுத்துப் பெயரில் அது கிடக்கலாம். அதுவும் இல்லையென்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எழுதிய நிறைப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பப் பதிவதுதான் வழி.

நான் போன ஒரு தோட்டத்திலும் இதே கதை. இரண்டு கிளாக்கர்மார் மூன்று வாரம் உட்கார்ந்து பதிந்தார்கள். எத்தனை தடவை எழுதிவிட்டேன்! கொன்டெய்னரை எந்த நேரமும் தூக்கிப் போடலாம். தரவு அதற்கு வெளியே, பெயர் வைத்த வொல்யூமில் இருக்க வேண்டும். அப்புறம், தினமும் இரவில் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து வேறொரு கணனியில் வையுங்கள். வொல்யூம் இருக்கிறதே என்று பெக்கப்பை விடாதீர்கள்.

நுவரெலியா: சம்பளத் துண்டில் தமிழ் பெட்டி பெட்டியாக வருகிறது.

இமேஜில் தமிழ் எழுத்துரு இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துரு என்றால் ஆங்கில எழுத்துகள் வந்திருக்கும், ஆகவே உங்களுடையது யூனிகோட். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்து இமேஜைத் திரும்பக் கட்டுங்கள்.

பதுளை: தோட்டத்தில் இணையம் மெதுவு, இமேஜ் இறங்கவே இல்லை.

டவுனில் இறக்கி, டொக்கர் சேவ் கட்டளையால் கோப்பாக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். அங்கே டொக்கர் லோட் கட்டளையால் ஏற்றுங்கள்.

மஸ்கெலியா: இமேஜுக்கு லேட்டஸ்ட் டெக் (வெர்ஷன் அடையாளம்) பாவிக்கலாமா?

வேண்டாம். வெர்ஷன் எண்ணைப் போடுங்கள். மாற்றுமுன் பெக்கப்.